புலமைப்பரிசில், பென்சன், பிரதேச சபை: எந்தக் கதவைத் தட்டுவது?

தேயிலைத் தோட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் இருக்கிற வீட்டுக்கு ஆட்கள் பெரும்பாலும் மூன்று விதமான கடதாசியோடு வருவார்கள். ஒன்று, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையின் மாதிரி வினாத்தாள். அடுத்தது பென்சன் படிவம், அல்லது ஐம்பது வயதைத் தாண்டிய கொழுந்துக்காரம்மாவின் ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) கார்ட். மூன்றாவது, பாதைக்கோ தண்ணிக்கோ பிரதேச சபைக்கு எழுத வேண்டிய கடிதம். "மாஸ்டர், இதக் கொஞ்சம் பாருங்க" என்று நீட்டப்படும் இந்தக் கடதாசிகளில் பாதிக்கு மேல் ஏற்கெனவே தவறான இடத்துக்குப் போய்த் திரும்பியவை. இலங்கை மலையகத்தில் எந்த விஷயத்தையும் முதலில் தொழிற்சங்கத் தலைவரிடம் கொண்டுபோகிற பழக்கம் மூன்று தலைமுறைப் பழக்கம். சில விஷயங்களுக்கு அது சரி. பரீட்சை, பென்சன், சபை ஆகிய மூன்றுக்கும் அது பெரும்பாலும் ஒரு வருடத்தை வீணாக்கும் வழி.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. பத்து வயதுப் பிள்ளைகளை வெட்டுப்புள்ளி வைத்துப் பிரிப்பதை நான் கல்வி என்று சொல்லமாட்டேன். போதிய அளவு நல்ல பாடசாலைகள் இல்லை என்ற உண்மையை அந்தப் பரீட்சை பிள்ளையின் தலையில் கட்டிவிடுகிறது. கிராமத்து ஏழைப் பிள்ளைக்கு மத்திய மகா வித்தியாலயமும் விடுதியும் கிடைக்க வேண்டும் என்று தொடங்கிய ஏற்பாடு, இன்று டியூசன் மாஸ்டர்களின் பதாகையில் முகம் வருவதற்கான போட்டியாகிவிட்டது. இருந்தாலும் பரீட்சை இருக்கும் வரை பிள்ளை எழுதத்தான் போகிறது. ஆகவே அதன் அமைப்பைப் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. முதலாம் தாளில் 40 கேள்வி, ஒரு மணித்தியாலம். இது நுண்ணறிவுத் தாள். இரண்டாம் தாளில் 60 கேள்வி, ஒரு மணி 15 நிமிடம். தமிழ், கணிதம், சுற்றாடல், ஆங்கிலம், சிங்களம் எல்லாம் இதில் வரும். அண்மைய வருடங்களில் இரண்டாம் தாளைத்தான் முதலில் கொடுக்கிறார்கள். இது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் டியூசனில் வருடம் முழுக்க முதலாம் தாளை முதலில் செய்து பழகிய பிள்ளை, பரீட்சை நாளில் 75 நிமிடம் எழுதிக் களைத்த பிறகுதான் நுண்ணறிவுக் கேள்விகளைப் பார்க்கிறது. வீட்டில் பழக்கும்போதும் அதே வரிசையில் பழக்குங்கள்: இரண்டாம் தாள், அரை மணி இடைவேளை, ஒரு பிஸ்கட்டும் தண்ணியும், பிறகு முதலாம் தாள்.

நேரக் கணக்கு எளிது. நுண்ணறிவுக்குக் கேள்விக்கு ஒன்றரை நிமிடம், மற்றத் தாளுக்கு ஒன்றேகால் நிமிடம். தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் புள்ளி இழப்பது பெரும்பாலும் கணக்குத் தெரியாமல் இல்லை, கேள்வியை வாசித்து முடிக்க நேரம் போதாமல். "ஒரு பெட்டியில் 24 மாம்பழம்" என்று சொல்லிக் கேட்டால் உடனே விடை வரும். அதையே மூன்று வரி வசனமாக அச்சடித்துக் கொடுத்தால் பிள்ளை இரண்டாவது வரியிலேயே நின்றுவிடும். இதற்கு இன்னொரு கட்டு மாதிரி வினாத்தாள் வாங்குவதில் பயனில்லை. மூன்றாம் ஆண்டிலிருந்தே தினமும் பத்து நிமிடம் சத்தமாக வாசிக்க விடுங்கள். பத்திரிகையின் சிறுவர் பக்கம் கிடைத்தால் போதும். ஐந்தாம் ஆண்டில், ஒரு நாளைக்குப் பத்துக் கேள்விக்கு மேல் வேண்டாம். ஆனால் பிழைத்த ஒவ்வொன்றுக்கும் எந்த இடத்தில் பிழைத்தது என்று பிள்ளை வாயால் சொல்ல வேண்டும்: கேள்வியை வாசித்ததிலா, கணக்கிலா, விடையைத் தவறான இலக்கத்துக்கு எதிரே எழுதியதிலா? மூன்றாவது வகைப் பிழை எவ்வளவு அதிகம் என்று பார்த்தால் பெற்றோர் ஆச்சரியப்படுவார்கள்.

பரீட்சை நாளில் சுட்டிலக்கத்தைச் சட்டையின் இடது பக்கம் குத்தி அனுப்புவார்கள். துணியில் எழுதிக் குத்துகிறவர்கள், மழையில் மை கரையாத பேனாவால் எழுதுங்கள். மலையகத்தில் பரீட்சைக் காலத்தில் மழை புதிதில்லை, தோட்டத்திலிருந்து நடந்து வருகிற பிள்ளை நனையத்தான் செய்யும்.

பெற்றோர் அதிகம் குழம்புகிற இடம் புள்ளி. 70 புள்ளி எடுத்தால் சித்தி. வெட்டுப்புள்ளி என்பது வேறு விஷயம். மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிமூலத்துக்கு மொழிமூலம் அது மாறும். நுவரெலியாவின் தமிழ்மூலப் புள்ளியும் பதுளையின் புள்ளியும் கொழும்பின் புள்ளியும் ஒன்றல்ல. வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் இரண்டு பயன்: பிரபல பாடசாலையில் ஆறாம் ஆண்டு அனுமதி, குடும்ப வருமானம் குறைவாக இருந்தால் மாதாந்தக் கொடுப்பனவு. அந்தக் கொடுப்பனவை 750 ரூபாவிலிருந்து 1,500 ரூபாவாக உயர்த்துவதாக 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். அனுமதியும் கொடுப்பனவும் வேறு வேறு. பாடசாலை மாறாமல் இருக்கிற பிள்ளையும் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. வருமான அத்தாட்சியோடு அதிபர் மூலம் போகவேண்டும்.

பாடசாலைத் தெரிவில் பெயரைப் பார்க்காமல் பஸ்ஸைப் பாருங்கள். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ இடம் கிடைத்து, விடுதி கிடைக்காமல், காலை ஐந்தரைக்கு இருட்டில் கீழ்ப்பாதைக்கு இறங்கி பஸ் பிடிக்கிற பதினொரு வயதுப் பிள்ளை எட்டாம் ஆண்டுக்குள் சோர்ந்துவிடும். விடுதி இருக்கிறதா, அதில் ஆறாம் ஆண்டுக்கு இடம் உண்டா, வார இறுதியில் யார் கூட்டிவருவது என்ற மூன்று கேள்விக்கும் விடை இல்லையென்றால், பக்கத்துப் பாடசாலையில் இருப்பதே மேல். என் சக ஆசிரியர்களில் சிலர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் வெற்றிபெற்ற பிள்ளைகளை எண்ணுகிறார்கள். எட்டாம் ஆண்டில் பெயர் வெட்டப்பட்டவர்களை யாரும் எண்ணுவதில்லை.

ஒரே நாளில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிற பரீட்சை எவ்வளவு பலவீனமானது என்பதை 2024 காட்டியது. செப்டெம்பர் 15 நடந்த பரீட்சையின் முதலாம் தாளில் மூன்று கேள்விகள் முன்கூட்டியே வெளியாகிவிட்டன. விஷயம் உயர் நீதிமன்றம் வரை போய், டிசம்பர் 31 அன்றுதான் அந்த மூன்று கேள்விக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப் புள்ளி என்று முடிந்தது. பெறுபேறு வந்தது ஜனவரியில்.

உயர்தரத்தில் இன்னொரு கணக்கு இருக்கிறது. அதைப் பெற்றோர் பதினொராம் ஆண்டுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீட்டில், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. ஆனால் பிள்ளையின் மாவட்டம் வீட்டு முகவரியால் தீர்மானமாவதில்லை. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் படித்த பாடசாலை எங்கே இருக்கிறதோ அதுதான் கணக்கு. சாதாரண தரத்துக்குப் பிறகு "நல்ல டியூசன்" என்று கொழும்புக்குப் பிள்ளையை அனுப்புகிற தகப்பன், மாவட்ட ஒதுக்கீட்டையும் 5 சதவீதத்தையும் சேர்த்தே கைவிடக்கூடும். அதே விதியைப் பயன்படுத்தி வெளிமாவட்டப் பிள்ளைகள் முன்கூட்டியே இங்கே வந்து பதிவாகிற கதையும் நமக்குத் தெரியும். மூன்று வருட வரவுப் பதிவேட்டைப் பார்க்கிற உரிமை பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். சங்கக் கூட்டங்களில் அதைக் கேட்க யாரும் எழும்புவதில்லை.

இனிப் பெயர். பரீட்சையையும் பென்சனையும் கட்டிவைக்கிற கயிறு இதுதான். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், முதலாம் ஆண்டு அனுமதிப் பதிவேட்டில் லயத்தில் கூப்பிடுகிற பெயர், அடையாள அட்டையில் சிங்கள எழுத்திலிருந்து மாறிவந்த இன்னொரு பெயர். சாதாரண தரச் சான்றிதழ், பரீட்சை விண்ணப்பத்தில் எழுதிய எழுத்துப்படிதான் வரும். அதனால் பதினைந்து வயதில் பாடசாலை மூலம் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதே பிறப்புச் சான்றிதழையும் அனுமதிப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள். முதலெழுத்து தகப்பனுடையதா, அது இடம் மாறியிருக்கிறதா, பிறந்த திகதி ஒன்றா என்று பார்க்க வேண்டும். அந்த வயதில் திருத்துவது மேலதிக மாவட்டப் பதிவாளர் வரை போகும் ஒரு வேலை. ஐம்பத்தைந்து வயதில் திருத்துவது ஒரு வருட அலைச்சல்.

அந்த அலைச்சல் எப்படி இருக்கும் என்பதை ஈ.பி.எஃப் கேட்கப்போகிற தொழிலாளியிடம் கேளுங்கள். சம்பளத்தில் 8 சதவீதம் அவருடையது, 12 சதவீதம் நிர்வாகம் போடுவது, ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3 சதவீதம் முழுக்க நிர்வாகத்தினுடையது, அதற்கு விண்ணப்பமும் தனி. ஈ.பி.எஃப் வயது பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55. பணம் மத்திய வங்கியில் இருக்கிறது. உரித்தைச் சரிபார்ப்பது தொழில் திணைக்களம். ஆகவே தட்ட வேண்டிய கதவு தொழிற் கந்தோர். பணத்தைக் கேட்கிற கே விண்ணப்பத்தோடு அடையாள அட்டை, பி கார்ட் (அங்கத்துவ அட்டை), வங்கிப் புத்தகம் வேண்டும்.

பிரச்சினை எங்கே வருகிறது? 1992 இல் தோட்டங்கள் கம்பனிகளுக்குக் குத்தகைக்குப் போனபோது பலருக்கு அங்கத்துவ இலக்கம் மாறியது. பழைய அரச நிர்வாகக் காலத்து இலக்கம் ஒன்று, கம்பனி இலக்கம் ஒன்று, இடையில் தோட்டம் மாறியிருந்தால் இன்னொன்று. மூன்றையும் சேர்க்கச் சொல்லாமல் ஒரு இலக்கத்துக்கு மட்டும் பணத்தை எடுத்துக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். விண்ணப்பிக்குமுன் எல்லாத் தோட்டங்களின் பெயரையும், வேலை செய்த காலத்தையும், செக்ரோல் (தோட்டப் பெயர்ப்பதிவு) இலக்கத்தையும் ஒரே தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். பெயர் முரண் இருந்தால் சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து, "இன்ன செக்ரோல் இலக்கத்தில் வேலை செய்தவரும் இந்த அடையாள அட்டைக்காரரும் ஒருவரே" என்று தோட்டக் கந்தோரிடம் கடிதம் வாங்குங்கள். கந்தோர் கிளாக்கர் மாறுவதற்கு முன்பே வாங்கிவிடுவது புத்தி.

சேவைக்காலப் பணம் வேறு. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடம் முடித்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வைத்தால் முப்பது வருடத்துக்கு 1,350 × 14 × 30, அதாவது 567,000 ரூபா. வேலை விட்டு 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் மேலதிகக் கட்டணம் உண்டு. லயத்துக் காம்பராவைக் காலி செய்தால்தான் காசு என்று சொல்கிற நிர்வாகங்கள் உண்டு. எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுத்தில் தரமாட்டார்கள். அதோடு தொழிற் கந்தோருக்குப் போங்கள்.

இனி ஆசிரியர் பென்சன். ஓய்வு பெறுகிற வருடத்தில் கோவையைத் திறக்கிற ஆசிரியருக்கு அந்த வருடம் போதாது. வலயக் கல்விப் பணிமனையில் இருக்கிற உங்கள் சுயவிபரக் கோவையை ஐந்து வருடத்துக்கொரு தடவை பார்வையிடுங்கள். அதில் இருக்க வேண்டியவை: நியமனக் கடிதம், கடமையேற்ற கடிதம், நியமனம் நிரந்தரமாக்கப்பட்ட கடிதம், ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் விடுவிப்புக் கடிதமும் கடமையேற்புக் கடிதமும் சோடியாக, தரமுயர்வுக் கடிதங்கள், சம்பள ஏற்றப் பதிவு, லீவுப் பதிவு. சோடியில் ஒன்று குறைந்தால் இரண்டு பாடசாலைக்கும் இடையிலான நாட்கள் கேள்விக்குறியாகும். மலையகத்தில் இது அதிகம் நடக்கிறது. தோட்டப் பாடசாலைகளில் அதிபர் இல்லாத காலத்தில் விடுவிப்புக் கடிதம் யாரும் எழுதியிருக்கமாட்டார்கள். எழுதியிருந்தாலும் வெள்ளத்திலோ கறையானிலோ போயிருக்கும். ஒவ்வொரு கடிதத்தின் பிரதியையும் வீட்டில் தனிக் கோவையில் வையுங்கள்.

சம்பளமற்ற லீவு பென்சன் காலத்தில் சேருமா என்பது லீவு தந்த கடிதத்தின் வாசகத்தைப் பொறுத்தது, பெரும்பாலும் சேராது. உதவி ஆசிரியராகக் கொடுப்பனவில் தொடங்கியவர்கள், அந்தக் காலம் எப்படிக் கணக்கிடப்படும் என்று இப்போதே வலயத்திடம் எழுத்தில் கேட்டுப் பதிலைக் கோவையில் போட்டுக்கொள்ளுங்கள். வாய்மொழியாக "அது சேரும் சேர்" என்று சொன்ன கிளாக்கர், நீங்கள் ஓய்வு பெறும்போது அந்த மேசையில் இருக்கமாட்டார்.

பணிக்கொடை என்பது ஓய்வு பெறும்போது மொத்தமாக வருகிற தொகை; அதற்காகக் குறைத்துக் கொடுக்கிற மாத ஓய்வூதியத்தின் 24 மடங்கு. குறைத்த ஓய்வூதியம் 40,000 ரூபா என்றால் 960,000 ரூபா கையில் வரும். பத்து வருடத்துக்குப் பிறகு குறைக்காத ஓய்வூதியம் திரும்பும். ஆனால் இடர்கடன் பாக்கி இருந்தால் அது பணிக்கொடையில்தான் கழியும். மகளின் கல்யாணத்துக்கு அந்தத் தொகையை முழுதாக எண்ணி மண்டபம் பதிவு செய்துவிடாதீர்கள்.

விதவைகள், தபுதாரர் (மனைவியை இழந்தவர்), அநாதைகள் ஓய்வூதியத்தை நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். சம்பளத்திலிருந்து மாதாமாதம் காசு கழிகிறது, ஆனால் கல்யாணம் பதிவாகியிருக்காது. கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்ட தம்பதிகள் நம் பக்கத்தில் நிறைய. ஆசிரியர் இறந்த பிறகு மனைவி பிரதேச செயலகத்தில் விவாகச் சான்றிதழ் இல்லாமல் நின்றால், அதற்குப் பிறகு செய்யக்கூடியது மிகக் குறைவு. உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்யுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, பேரப்பிள்ளை கண்டவர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு வருடாந்த உயிர்வாழ்ச் சான்றிதழைக் கிராம உத்தியோகத்தரிடம் நேரத்துக்கு எடுங்கள். தவறினால் பென்சன் நிற்கும்.

2020க்கு முன் ஓய்வு பெற்றவர்களின் முரண்பாடு நீண்ட கதை. ஒரே தரத்தில், ஒரே காலம் சேவை செய்து, சில வருட வித்தியாசத்தில் இறங்கிய இருவருக்குப் பென்சன் ஆயிரக்கணக்கில் வேறுபட்டது. 2025 வரவு செலவுத் திட்டம் இதை 2025, 2026, 2027 ஜூலை மாதங்களில் மூன்று கட்டமாகத் திருத்துவதாகச் சொன்னது. எந்தக் கட்டம் உங்களுக்குரியது என்பது ஓய்வு பெற்ற திகதியைப் பொறுத்தது. பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் கேளுங்கள். "நான் பேசி எடுத்துத் தாறேன்" என்கிறவருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இனி அரசியலுக்கு வருகிறேன். பிரதேச சபை உறுப்பினரைத் திட்டுவது எளிது. அவருக்கு அதிகாரம் இல்லாத விஷயத்தைக் கேட்டுவிட்டுத் திட்டுவதைத்தான் நாம் அதிகம் செய்கிறோம். கணித ஆசிரியர் வேண்டும் என்று பிரதேச சபை உறுப்பினரிடம் போகிறோம். ஆசிரியர் நியமனத்தில் சபைக்கு ஒரு வேலையும் இல்லை. தேசிய பாடசாலை அமைச்சின் கீழ், மற்றவை மாகாணத்தின் கீழ். மத்திய மாகாண சபையின் காலம் 2018 இல் முடிந்தது, பிறகு தேர்தல் நடக்கவில்லை. கேட்பதற்கு மாகாண உறுப்பினர் என்று ஒருவர் இல்லை. ஆகவே கடிதம் வலயப் பணிப்பாளருக்கும், பிரதி கண்டியில் உள்ள மாகாணக் கல்விப் பணிப்பாளருக்கும் போக வேண்டும்.

பாதைக்கும் இப்படித்தான். ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. சி, டி மாகாணத்துடையவை. அதற்குக் கீழே உள்ள சிறிய பாதைகள் சபையுடையவை. தோட்டத்துக்குள் போகிற பாதை குத்தகைக் காணியில் இருக்கிறது. 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை காசு செலவழிப்பதைத் தடுத்து வைத்திருந்தது. 2018 இல்தான் திருத்தினார்கள். இன்றும் நடைமுறையில் நிர்வாகத்தின் எழுத்துமூல இணக்கம் இல்லாமல் வேலை தொடங்காது. எனவே உறுப்பினரிடம் போகுமுன் துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) அந்தக் கடிதத்தை வாங்குங்கள். லயத்துக் கூரை, வடிகான் என்றால் கேட்க வேண்டியது நிர்வாகத்தையும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி டிரஸ்ட்டையும்.

2018 இல் நுவரெலியா, அம்பகமுவ சபைகளைப் பிரித்துக் கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா என்று புதிய சபைகள் வந்தது நல்ல காரியம். சபை பஸ் தூரத்துக்கு வந்தது. ஆனால் கூட்டத்துக்குப் போய் உட்காருகிற ஆட்கள் இல்லை. சபையில் வட்டாரத்தில் நேரடியாகத் தெரிவான உறுப்பினர் 60 சதவீதம், கட்சிப் பட்டியலில் வந்தவர் 40 சதவீதம். உங்கள் கோரிக்கையை எழுத்தில் வட்டார உறுப்பினருக்குக் கொடுத்து, பிரேரணையாக வைக்கச் சொல்லுங்கள். பிரேரணை கூட்டறிக்கையில் ஏறும். போனில் சொன்னது ஏறாது. வேலை அடுத்த வருடம் நடக்க வேண்டுமானால் செப்டெம்பருக்குள் கொடுங்கள். வரவு செலவுத் திட்டம் எழுதி முடிந்த பிறகு டிசம்பரில் கொடுத்தால் "காசு இல்லை" என்ற பதில் உண்மையாகவே இருக்கும். கடிதத்தின் இரண்டாவது பிரதியில் கையேற்ற முத்திரையும் திகதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். தமிழில் எழுத உங்களுக்கு உரிமை உண்டு.

பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு, அதற்குப் பிறகு ஆணைக்குழு. "ஏன் ஆசிரியர் இல்லை" என்று கேட்காதீர்கள், அது கருத்துக் கேள்வி. இப்படிக் கேளுங்கள்: இந்தப் பாடசாலைக்குப் பாடவாரியாக அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை, இன்று சம்பளப் பட்டியலில் இருப்பவர் எத்தனை, அவர்களில் வேறு இடத்துக்கு இணைப்புச் செய்யப்பட்டவர் எத்தனை, இணைப்புக் கடிதங்களின் திகதி என்ன. மூன்றாவது கேள்வியை விடக்கூடாது. கணித ஆசிரியர் பட்டியலில் உங்கள் பாடசாலையில் இருப்பார், ஆள் நகரத்துப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருப்பார். வெற்றிடம் இல்லை என்று வலயம் சொல்வது அந்தப் பட்டியலை வைத்துத்தான்.